நாடாள்வோர்க்கு வேண்டுவது நிதானம்

ஒரு குடும்பத்தை நடத்துவதற்கே பொறுமையும் ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றலும் தேவைப்படுகின்றன. அவ்வாறாயின், பல இலட்சம் குடும்பங்களின் வாழ்வையும் தாழ்வையும் ஒரு சொல்லினால் தீர்மானிக்கும் நாட்டுத் தலைவனுக்கு அவை எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத் தலைவன் அவசரப்பட்டால் ஒரு வீடு துன்பப்படும். நாட்டுத் தலைவன் அவசரப்பட்டால், அவன் முகத்தை ஒருநாளும் நேரிற் கண்டிராத ஏழையின் வீட்டிலும் ஒப்பாரி கேட்கும்.

தலைவரைத் தெரிவு செய்யும் காலம் வரும்போதெல்லாம் உலகெங்கும் ஒரு கேள்வி எழுகின்றது. இவருக்கு அனுபவம் உண்டா, எத்தனை ஆண்டுகள் பதவியில் இருந்தவர் என்பதே அக்கேள்வியாகும். இது நியாயமான கேள்வியே. நோய் வந்தால் பல காலம் வைத்தியம் செய்தவரையே எவரும் நாடுவர். கடலுக்குப் போகும்போது பழகிய கைகளிலேயே படகை ஒப்படைப்பர். ஆயினும் நாடாளும் பொறுப்பிற்கு அனுபவம் ஒன்றே போதுமா? அனுபவமும் நிதானமும் ஒருவரிடத்தில் ஒருங்கே அமையாவிடின், எதனை முதலிற் கொள்வது? இவ்வினாவிற்கு இதிகாசமும் உலக வரலாறும் தரும் விடை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

அத்தினாபுரத்துச் சபை

உடப்பு, பாண்டிருப்பு முதலிய ஊர்களில் உள்ள திரௌபதை அம்மன் ஆலயங்களில் பாரதக் கதை விழாவாகவே கொண்டாடப்படுகின்றது. அக்கதையில் கேட்போர் நெஞ்சை மிகவும் வருத்தும் இடம் சூதாட்ட மண்டபமாகும். அம்மண்டபத்தில் அனுபவத்திற்குக் குறைவிருக்கவில்லை. தலைமுறைகள் பலவற்றைக் கண்ட வீட்டுமர் அங்கிருந்தார். வில்லாசிரியர் துரோணர் இருந்தார். கிருபர் இருந்தார். பல்லாண்டு அரசு செலுத்திய திருதராட்டிரன் சிங்காசனத்தில் வீற்றிருந்தான். சாத்திரம் அறிந்தவர்களுக்கும் போர்க்களம் கண்டவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை.

சபைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதை ஒரு கேள்வியைக் கேட்டாள். முதலில் தன்னையே தோற்றுவிட்ட ஒருவர், அதன்பின் தன் மனைவியைப் பணயமாக வைக்க உரிமை உடையவரா என்பதே அது. வீட்டுமர் தருமத்தின் நுட்பம் அறிதற்கு அரியது என்ற அளவில் நின்றுவிட்டார். ஏனைய பெரியோர் தலை குனிந்திருந்தனர். விதுரர் நீதியை எடுத்துரைத்தார். அவர் சொல்லைக் கேட்பார் இல்லை. அவ்வேளையில் எழுந்து நின்றவன் விகர்ணன். அவன் கௌரவர் நூற்றுவரில் ஒருவன், துரியோதனனின் தம்பி, வயதிலும் அனுபவத்திலும் அச்சபையின் பெரியோர்க்கு மிகவும் இளையவன். அவனே திரௌபதை முறைப்படி வெல்லப்படவில்லை என்று காரணம் காட்டிப் பேசினான். கர்ணன் அவனை அறியாச் சிறுவன் என்று இகழ்ந்து உட்கார வைத்தான்.

இந்நிகழ்வு உணர்த்துவது யாது? முதியோர் அறிவற்றவர் என்பதன்று. விதுரரும் முதியவரே, அவருடைய தீர்ப்புப் பிழைக்கவில்லை. ஏனையோரிடம் இருந்த அனுபவம் உண்ட சோற்றின் கடனாலும், நெடுநாட் பழக்கத்தாலும், அரச குடும்பத்தின்மேற் கொண்ட பாசத்தாலும் கட்டுண்டிருந்தது. முடிவு சொல்லும் அதிகாரம் பெற்ற திருதராட்டிரனோ புத்திர பாசத்தினால் மனம் அலைந்தான். தீய சகுனங்கள் தோன்றி அச்சம் பிடித்த பின்னரே அவன் திரௌபதைக்கு வரம் அளித்தான். அச்சத்திற் பிறந்த அந்த நன்மை நிலைக்கவில்லை. மீண்டும் சூது நடந்தது; வனவாசம் வந்தது; ஈற்றிற் குருட்சேத்திரமும் வந்தது.

அனுபவத்தின் எல்லை

அனுபவம் என்பது யாது? சென்ற காலத்திற் கண்டவற்றின் நினைவே அனுபவமாகும். முன்பு நடந்தது போலவே மீண்டும் நடக்குமாயின் அந்நினைவு பெரிதும் உதவும். ஒவ்வோராண்டும் வரும் மழையையும் வெயிலையும் கண்ட கமக்காரன் விதைக்கும் நாளைப் பிழையின்றி அறிவான். ஆனால் நாட்டுக்கு வரும் பெரும் ஆபத்துக்கள் பெரும்பாலும் முன்னொருபோதும் காணாத வடிவிலேயே வருகின்றன. அப்போது அனுபவசாலி ஒரு பொறியில் அகப்படக்கூடும். கண்முன் நிற்கும் புதிய ஆபத்தைத் தான் முன்பு கண்ட பழைய ஆபத்தென்று எண்ணி, பழைய மருந்தையே அதற்கும் கொடுத்துவிடக்கூடும்.

இன்னுமொரு உண்மையும் உண்டு. பகவத்கீதையின் 2ஆம் அத்தியாயம் நிலைத்த அறிவுடையவனின் இலக்கணத்தைக் கூறுகின்றது. அவ்விடத்தில் மனிதன் படிப்படியாக அழியும் வழியும் காட்டப்படுகின்றது. சினத்திலிருந்து மயக்கமும், மயக்கத்திலிருந்து நினைவின் அழிவும், நினைவின் அழிவிலிருந்து புத்தியின் அழிவும் விளையும் என்பது அதன் கருத்தாகும். இங்கு நினைவின் அழிவு என்பது மிகவும் கவனிக்கத்தக்கது. அனுபவம் நினைவிலேயே சேர்ந்திருக்கின்றது. சினமோ அச்சமோ மனத்தைக் கவ்வும்போது முதலில் மறைவது அந்நினைவே. ஆகவே, நிதானம் இல்லாதவனுக்கு நாற்பதாண்டு அனுபவம் இருந்தும் வேண்டிய வேளையில் அது கைக்கு எட்டாது. பெட்டகத்தில் பொன் இருந்தும் திறவுகோலைத் தொலைத்தவனின் நிலை அதுவாகும்.

திருவள்ளுவர் அரசியலை வகுத்த முறையும் இதற்குத் துணை நிற்கின்றது. அரசனுக்குரிய இயல்புகளைக் கூறத் தொடங்கி, கல்வி, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல் ஆகிய அதிகாரங்களை வைத்த பின்னரே அவர் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தை வைத்தார். கேட்பதும், ஆராய்வதும், தன் குற்றத்தைத் தானே நீக்குவதும் தலைவனிடத்திலேயே இருக்க வேண்டியவை. பழுத்த அனுபவமோ துணையாகச் சேர்த்துக்கொள்ளக் கூடியது. அனுபவத்தைப் பிறரிடமிருந்து பெறலாம். நிதானத்தை அவ்வாறு பெற முடியாது. நெருக்கடி வந்த இரவில் அது தலைவனுடைய சொந்த நெஞ்சிலேயே இருந்தாக வேண்டும்.

இரு ஜனாதிபதிகள்

ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் அடுத்தடுத்துப் பதவிக்கு வந்த இருவரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1857ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜனாதிபதியான ஜேம்ஸ் புக்கானன் அனுபவத்தில் நிகரற்றவராக விளங்கினார். பிரதிநிதிகள் சபையில் 10 ஆண்டுகளும், செனற் சபையில் ஏறக்குறைய அதேயளவு காலமும் இருந்தவர். ரஷ்யாவிலும் பிரித்தானியாவிலும் தூதுவராகக் கடமையாற்றியவர். 1845 முதல் 1849 வரை இராஜாங்கச் செயலாளர் பதவியையும் வகித்தவர். அவரிலும் மேலான ஆயத்தத்துடன் அப்பதவிக்கு வந்தவர்கள் மிகச் சிலரே.

அவருடைய ஆட்சியின் இறுதி மாதங்களிலேயே அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் ஒன்றியத்தை விட்டு விலகத் தொடங்கின. 1860 டிசெம்பரில் முதலாவது மாநிலம் விலகியது. 1861 பெப்ரவரி முதலாம் திகதிக்குள் அத்தொகை ஏழாகியது. மாநிலங்களுக்கு விலகும் உரிமை இல்லை. ஆனால் விலகுவதைத் தடுக்க மத்திய அரசுக்கும் அதிகாரம் இல்லை என்பதே புக்கானனின் நிலைப்பாடாக இருந்தது. நாற்பதாண்டு அரசியலிற் பழகிய சமரச வழி எப்படியோ மீண்டும் கைகொடுக்கும் என அவர் காத்திருந்தார். அது கைகொடுக்கவில்லை.

1861 மார்ச் 4ஆம் திகதி அவருடைய இடத்திற்கு வந்தவர் ஆபிரகாம் லிங்கன். பள்ளிக்கூடத்தில் அவர் படித்த காலம் அனைத்தையும் சேர்த்தாலும் ஓராண்டு நிறையாது. இலினோய் மாநிலச் சபையில் 8 ஆண்டுகள் இருந்ததைத் தவிர, தேசிய அரசியலில் அவர் பெற்ற அனுபவம் பிரதிநிதிகள் சபையில் இருந்த இரண்டே ஆண்டுகளாகும். செனற் சபைக்குச் செல்ல இரு முறை முயன்று தோற்றவர் அவர். ஆயினும் தம்முடன் வேட்பாளர் பதவிக்குப் போட்டியிட்ட, தம்மிலும் அனுபவம் மிக்க சீவார்ட், சேஸ், பேற்ஸ் ஆகியோரை அழைத்துத் தம் அமைச்சரவையில் அமர்த்தினார்.

அவர்களுள் முதன்மையானவர் வில்லியம் சீவார்ட். நியூயோர்க் மாநில ஆளுநராகவும் செனற் சபை உறுப்பினராகவும் புகழ் பெற்றவர். புதிய ஜனாதிபதி பதவியேற்று ஒரு மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் முதலாம் திகதி, அவர் லிங்கனுக்கு ஒரு குறிப்பை அனுப்பினார். ஸ்பெயினிடமும் பிரான்சிடமும் உடனே விளக்கம் கேட்க வேண்டும். திருப்தியான விடை வராவிடின் போர் அறிவிக்க வேண்டும். இப்பணியை முன்னின்று நடத்தத் தாமும் ஆயத்தம் என்பது அதன் சாரம். வெளிநாட்டுப் போர் வந்தால் உள்நாட்டுப் பிரிவினை மறைந்துவிடும் என அவர் எண்ணினார். தம்மை மதியாது எழுதப்பட்ட அக்குறிப்பைக் கண்டு லிங்கன் கொதித்தெழவில்லை. செய்ய வேண்டியது எதுவாயினும் அதனைத் தாமே செய்ய வேண்டும் என்று அமைதியாக விடையெழுதினார். அக்குறிப்பை ஊரறியச் செய்து சீவார்டை அவமானப்படுத்தவும் இல்லை. அது பல ஆண்டுகளின் பின்னரே வெளியுலகுக்குத் தெரிய வந்தது.

அதன் பயன் அவ்வாண்டின் இறுதியிலேயே கிடைத்தது. 1861 நவம்பர் 8ஆம் திகதி, பிரித்தானியத் தபாற் கப்பலான ட்ரென்ற்றை வடபகுதிக் கடற்படைக் கப்பலொன்று நடுக்கடலில் மறித்து, தென்பகுதியின் தூதுவர் இருவரைச் சிறைப்பிடித்தது. வட மாநிலங்களில் மக்கள் ஆரவாரித்தனர். பிரதிநிதிகள் சபை அக்கப்பலின் தலைவருக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. பிரித்தானியாவோ கனடாவுக்குப் படை அனுப்பத் தொடங்கியது. அங்கே நோயுற்றிருந்த இளவரசர் அல்பேட், வொஷிங்டனுக்கு அனுப்பவிருந்த கடுமையான கடிதத்தின் சொற்களைத் தணித்து, பின்வாங்க இடமளிக்கும் வகையில் திருத்தினார். இரு வாரங்களில் அவர் காலமானார். இங்கே டிசெம்பர் 25, 26ஆம் திகதிகளில் கூடிய அமைச்சரவையில் தூதுவர்களை விடுவிப்பதே தக்கது என வாதிட்டவர் அதே சீவார்ட். மாற்று வழி ஒன்றை முதலில் எண்ணியிருந்த லிங்கன் அதனைக் கைவிட்டு இணங்கினார். ஏப்ரலிற் போரை வேண்டிய அனுபவம், நிதானமான ஒருவருடன் எட்டு மாதம் பழகிய பின் டிசெம்பரில் அமைதிக்கு வழி சொல்லியது.

லிங்கனுக்குச் சினமே வரவில்லை என்று கூற முடியாது. 1863 ஜூலையில் கெற்றிஸ்பேர்க் போரில் வென்ற தளபதி மீட், தப்பியோடிய எதிரிப் படையைத் தொடர்ந்து பிடிக்கத் தவறியபோது, லிங்கன் மிகுந்த மனவருத்தத்துடன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதிய பின் கையொப்பம் இடவுமில்லை, அனுப்பவுமில்லை. உறையின்மேல் அவ்வாறே குறித்து வைத்துவிட்டார். சினம் எழுத்தளவில் நின்றது. ஒரு நல்ல தளபதியின் மானமும் நாட்டின் படையும் காப்பாற்றப்பட்டன. லிங்கனின் நிதானம் உள்நாட்டுப் போரைத் தடுத்துவிடவில்லை. 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் அப்போரில் மாண்டனர். ஆனால் நாடு இரண்டாகாமலும், அடிமை முறை ஒழியாமலும் அத்துன்பம் வீண்போய்விடாதபடி காத்தது அந்நிதானமே எனலாம்.

பதின்மூன்று நாட்கள்

நூறாண்டுகளின் பின் அதே நாட்டிற்கு வேறொரு சோதனை வந்தது. இம்முறை ஒரு நாடன்றி உலகமே அழியக்கூடிய நிலை தோன்றியது. 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜோன் கென்னடியை எதிர்த்து நின்ற றிச்சர்ட் நிக்சன், 8 ஆண்டுகள் உப ஜனாதிபதியாக இருந்த தம் அனுபவத்தை முன்வைத்தே வாக்குக் கேட்டார். சிறு வித்தியாசத்தில் வென்ற கென்னடி 43 வயதிற் பதவியேற்றார்.

அனுபவக் குறைவின் தீங்கு விரைவிலேயே வெளிப்பட்டது. 1961 ஏப்ரல் 17ஆம் திகதி, அமெரிக்க உளவுத்துறை பயிற்றிய ஏறக்குறைய 1,400 கியூப அகதிகள் கியூபாவின் பன்றிகள் குடாவில் இறங்கினர். முந்திய ஆட்சியிலேயே தொடங்கிய திட்டம் அது. பல்லாண்டு அனுபவமுள்ள அதிகாரிகள் ஒரே குரலில் அதனை ஆதரித்தனர்; புதிய ஜனாதிபதி தோண்டிக் கேட்கவில்லை. மூன்று நாட்களில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். கென்னடி பழியைப் பிறர்மேற் சுமத்தாது தாமே பொறுப்பென மக்கள் முன் ஏற்றுக்கொண்டார். அனுபவசாலிகள் ஒருமித்துச் சொல்வதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை அத்தோல்வி அவருக்குக் கற்பித்தது.

1962 ஒக்டோபர் 16ஆம் திகதி காலை, சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணுவாயுத ஏவுகணைகளை நிறுவி வருவதைக் காட்டும் புகைப்படங்கள் கென்னடியின் கைக்கு வந்தன. அன்றைய தினம் அவருடைய மனமும் வான் தாக்குதலையே நாடியது. அன்றே அவர் கட்டளை இட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். அவர் அவசரப்படவில்லை. செய்தியை ஆறு நாட்கள் வெளிவிடாது, ஆலோசகர்களைக் கூட்டி எல்லா வழிகளையும் ஆராயச் செய்தார். தம்முன் அவர்கள் மனம் திறந்து பேசத் தயங்குவர் என்பதற்காகச் சில கூட்டங்களுக்குச் செல்லாமலும் இருந்தார்.

அனுபவத்தின் குரல் அக்கூட்டங்களில் உரத்து ஒலித்தது. முன்னாள் இராஜாங்கச் செயலாளர் டீன் அச்சிசன் வான் தாக்குதலை வேண்டினார். 19ஆம் திகதி முப்படைத் தளபதிகள் ஜனாதிபதியைச் சந்தித்தனர். இரண்டாம் உலகப் போரில் யப்பானிய நகரங்கள் மீது குண்டுவீச்சை நடத்திய விமானப்படைத் தளபதி கேட்டிஸ் லெமே, கடல் முற்றுகை மட்டும் போதாது என்றார். அது 1938இல் மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஏறக்குறைய ஒப்பாகும் என்றும் குறிப்பிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. மியூனிக்கின் பாடம் உண்மையான பாடமே. ஆனால் 1938இல் அணுகுண்டு இருக்கவில்லை. பழைய ஆபத்தின் நினைவு புதிய ஆபத்தை மறைத்த இடம் அதுவாகும்.

கென்னடியின் மனத்தில் வேறொரு நினைவு இருந்தது. 1914இல் எவரும் மனமார விரும்பாத பெரும்போருக்குள் ஐரோப்பிய அரசுகள் தவறான கணிப்புக்களால் வழுக்கி விழுந்த வரலாற்றை, அவ்வாண்டு வெளிவந்த பாபரா டக்மனின் நூலில் அவர் வாசித்திருந்தார். தாம் நேரிற் காணாத ஒன்றிலிருந்து அவர் பாடம் பெற்றார். 22ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றிக் கடல் முற்றுகையை அறிவித்தார். எதிரிக்கு உறுதியைக் காட்டவும், சிந்திக்க அவகாசம் கொடுக்கவும் அதுவே ஏற்ற வழியாக அவருக்குத் தோன்றியது.

26ஆம் திகதி சோவியத் தலைவர் நிகிட்டா குருஷேவின் நீண்ட கடிதம் வந்தது. போர் என்னும் முடிச்சு விழுந்த கயிற்றை இருபுறமும் இழுத்தால் முடிச்சு மேலும் இறுகும் என்ற கருத்தை அவர் அதில் எழுதியிருந்தார். கியூபாவின்மீது படையெடுப்பதில்லை என்ற உறுதிமொழி கிடைத்தால் ஏவுகணைகளை மீட்கலாம் என்ற குறிப்பும் அதில் இருந்தது. மறுநாள் துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளையும் அகற்றக் கோரும் கடுமையான வேறொரு செய்தி வந்தது. அன்றைய தினமே கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி மேஜர் றுடோல்ப் அன்டர்சன் உயிரிழந்தார். அவ்வாறு நிகழ்ந்தால் உடனே திருப்பித் தாக்குவதென்று முன்னரே பேசப்பட்டிருந்தது. கென்னடி அதற்கு இணங்கவில்லை. முதல் கடிதத்திற்கு இணக்கமான பதில் அனுப்பினார். தம் சகோதரர் ரொபேட் கென்னடியைச் சோவியத் தூதுவர் டொப்ரினினிடம் அனுப்பி, துருக்கியிலுள்ள ஏவுகணைகளும் அகற்றப்படும் என்பதை இரகசியமாகத் தெரிவித்தார். 28ஆம் திகதி குருஷேவ் ஏவுகணைகளை மீட்பதாக அறிவித்தார். துருக்கியிலிருந்த 15 ஏவுகணைகளும் 1963 ஏப்ரலுக்குள் அகற்றப்பட்டன.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல் ஹவானா நகரில் அந்நாட்களின் முக்கியஸ்தர்கள் ஒன்றுகூடியபோது ஓர் உண்மை வெளிவந்தது. படையிறங்குவோரை எதிர்ப்பதற்கான சிறிய அணுவாயுதங்களும் அப்போது கியூபாவில் இருந்தன. 10 ஆயிரம் அளவில் என அமெரிக்கர் மதிப்பிட்ட சோவியத் படையினர் உண்மையில் 40 ஆயிரத்திற்கும் மேற்பட்டிருந்தனர். தாக்கச் சொன்ன அனுபவசாலிகள் ஒருவருக்கும் அது தெரியாது. கென்னடிக்கும் தெரியாது. தெரியாதது ஏதோ இருக்கக்கூடும் என்று எண்ணிக் கையைப் பின்னிழுத்ததே அவருடைய நிதானம். அன்று பிழைத்தது அமெரிக்கரும் ரஷ்யரும் மட்டுமல்ல. அந்த ஒக்டோபரில் எங்கோ ஒரு கிராமத்தில் தொட்டிலிற் கிடந்த குழந்தையும் பிழைத்தது.

நிதானம் எது, தயக்கம் எது?

இங்கு ஓர் ஐயம் எழலாம். புக்கானனும் அமைதியாகத்தானே இருந்தார்? அவர் ஆரவாரம் செய்யவில்லை. சினந்து எவரையும் தாக்கவில்லை. அவ்வாறாயின் அவரிடமும் நிதானம் இருந்ததா? இல்லை என்பதே விடையாகும். நிதானம் வேறு, செயலின்மை வேறு. நிதானமுள்ளவன் முடிவெடுப்பதற்கு முன் பொறுத்திருப்பான்; முடிவெடுத்த பின் அதன் சுமையைத் தானே தாங்குவான். தயங்குபவனோ முடிவு தானாக வந்து சேரும் என்று காத்திருப்பான். கென்னடி ஆறு நாட்கள் பொறுத்தார். ஏழாம் நாள் செயற்பட்டார். புக்கானன் பொறுத்தார், பொறுத்துக்கொண்டே பதவியை விட்டு நீங்கினார்.

அனுபவம் வீணானது என்று இதனாற் கொள்ளலாகாது. பன்றிகள் குடாவிற் பட்ட அடி இல்லாவிடின் 1962இன் நிதானம் கென்னடிக்குக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே. மேலும், 27ஆம் திகதி அவருக்கு மிகவும் பயன்பட்ட ஆலோசனை ஓர் அனுபவசாலியிடமிருந்தே வந்தது. மொஸ்கோவில் தூதுவராக இருந்து குருஷேவை நேரில் அறிந்த லூவெலின் தொம்சன், கியூபாவைக் காப்பாற்றியதாகத் தம் மக்களிடம் சொல்ல வழி இருந்தால் அவர் பின்வாங்குவார் என எடுத்துரைத்தார். லெமேயிடமும் தொம்சனிடமும் அனுபவம் இருந்தது. அவ்விரண்டில் எது அவ்வேளைக்குப் பொருந்தும் எனத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு மட்டும் தலைவருடையதாக இருந்தது. அத்தெரிவை எந்த அனுபவசாலியும் அவருக்காகச் செய்திருக்க முடியாது.

கென்னடியைக் குறையற்றவராகக் காட்டுவதும் தவறாகும். பன்றிகள் குடாவின் பின்னரும் கியூப அரசைக் கவிழ்க்க அவருடைய நிர்வாகம் மறைமுகமாக முயன்றது. அந்நெருக்கடி உருவானதில் அதற்கும் பங்குண்டு. குருஷேவ் அனுபவத்தில் மூத்தவர், 68 வயதினர். ஏவுகணைகளை இரகசியமாக அனுப்பியது அவருடைய பெரும் பிழை. ஆயினும் பிழையை உணர்ந்து, தம் நாட்டவர் இகழக்கூடும் என்று தெரிந்தும் பின்வாங்கியமை அவருடைய பெருமையாகும். நிதானம் ஒரு நாட்டிற்கோ, ஒரு கட்சிக்கோ, ஒரு வயதினருக்கோ உரிய தனிச்சொத்தன்று. இரு பக்கத்திலும் அது இருந்தபடியாலேயே உலகம் தப்பியது.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, நிதானமுள்ள தலைவரை அறியச் சில அடையாளங்கள் புலப்படுகின்றன. தம்மிலும் வல்லவரைத் தம்மருகில் அமர்த்த அவர் அஞ்சமாட்டார். கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டு முடிவை மாற்றமாட்டார். ஆனால் நல்ல காரணம் கேட்டால் மாற்றுவார். எதிரியையும் மனிதனாகக் கண்டு, அவன் மானத்துடன் பின்வாங்க ஒரு வாசலைத் திறந்து வைப்பார். தவறு நேர்ந்தால் தாமே பொறுப்பேற்பார். வென்ற வேளையில் எக்காளமிடமாட்டார். குருஷேவ் பின்வாங்கியபோது அதனை வெற்றியெனக் கொண்டாட வேண்டாம் எனக் கென்னடி தம்மவரைத் தடுத்தார். மறு ஆண்டில் இரு தலைநகரங்களுக்குமிடையே நேரடித் தொடர்பு ஏற்படுத்தப்பட்டதும், 1963 ஆகஸ்ட் 5ஆம் திகதி அணுவாயுதப் பரிசோதனைகளை மட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அவ்வடக்கத்தின் கனிகளே.

தலைவர் எவ்வாறு அமைவார் என்பது மக்களிடமும் தங்கியுள்ளது. உரத்துப் பேசுபவரை வீரர் என்றும், பொறுத்திருப்பவரைக் கோழை என்றும் மக்கள் கருதுவராயின், நிதானமுள்ளவர் தலைமைக்கு வர முடியாது; வந்தாலும் நிலைக்க முடியாது. ட்ரென்ற் கப்பல் விடயத்தில் ஆரவாரித்த கூட்டம் போலவே எந்நாட்டிலும் எக்காலத்திலும் கூட்டம் ஆரவாரிக்கும். பிள்ளைகள் சண்டையிடும் வேளையில் இரு பக்கத்தையும் கேட்டுத் தீர்க்கும் தாயிடத்திலும், காணி எல்லைப் பிணக்கில் இரவு முழுவதும் பொறுத்துக் காலையிற் பேசப் போகும் அயலவரிடத்திலும் நாடாளும் நிதானத்தின் விதை இருக்கின்றது. வீட்டில் அதனை மதியாதவர் நாட்டில் அதனைத் தெரிவு செய்யப் போவதில்லை.

அன்று அத்தினாபுரத்தில் விகர்ணன் பேசியபோது, அவன் சொல்வது சரி என்று நெஞ்சில் உணர்ந்தோர் பலர் அம்மண்டபத்தில் இருந்திருப்பர். அவன் இளையவன் என்ற ஒன்றே அவனை அமரச் செய்யப் போதுமானதாயிற்று. அம்மௌனத்தின் விலையைப் பதினெட்டு நாட்கள் குருட்சேத்திர மண் அறிந்தது. எல்லா உயிர்க்கும் உள்நின்று அருளும் இறைவன், நாடாள்வோர் நெஞ்சில் நிதானத்தையும், அவரைத் தெரிவு செய்வோர் நெஞ்சில் அதனை இனங்காணும் தெளிவையும் தந்தருள்வாராக.